கணக்கில் சேராத பந்துகள்

மைதானத்தின் கடைசி வேலிக்குப் பின்னால்
ஒரு பெஞ்சு, ஒரு போன்,
சூரியகாந்தி விதைத்தோல் அப்பிய தரை.
ஓரின் வாசெக் பதினோரு கோடை
அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.
எதிரே குந்தியிருந்தவன் நான்.
ஆட்டத்துக்கு வெளியே பந்து பிடிக்கிறவன்,
எந்த அட்டையிலும் பெயர் வராதவன்.

நெப்ராஸ்காக்காரன். நொட்டாங்கையன்.
எதிரணியில் இன்னொரு நொட்டாங்கையன்
மட்டையோடு எழுந்தால் போன் அடிக்கும்.
முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை.
நாலு பந்து. சில நாள் ஒரே பந்து.
தேசிய கீதத்திலிருந்து காத்திருந்தவனுக்குத்
தொண்ணூறு நொடி உத்தியோகம்.

பாதி நாள் அதுவும் கிடையாது.
முப்பது பந்து என் கையுறைக்குள் எறிந்து
வேர்வை காலரைத் தாண்டும்போது
மறுபடி அடிக்கும்:
வேண்டாம், உட்காரச் சொல்.
ஜாக்கெட்டை இடது கையில் மட்டும் மாட்டிக்கொள்வான்,
மற்ற உடம்பு வேறு யாருடையதோ போல.

டெட்ராய்ட்டில் ஒரு மழை இரவு
மூன்று முறை எழுந்தான், மூன்று முறை உட்கார்ந்தான்.
எழுபத்தாறு பந்து. எண்ணினேன்.
மறுநாள் பேப்பரில்: வாசெக், ஆடவில்லை.
நேற்று நல்ல ஓய்வா என்றான் புதுப் பயிற்சியாளன்.
ஓரின் என்னைப் பார்த்தான்.
முதலில் சிரித்தது நான்தான்.

ஒரு செப்டம்பரில் அவன் போட்ட அந்த ஒற்றைப் பந்து
வேலி தாண்டி எங்கள் பெஞ்சடியில் வந்து விழுந்தது.
கொதித்துக்கொண்டிருந்தது என்று எழுதலாம்; பொய்.
வெறும் பந்து. ஒரு பக்கம் புல்கறை.
அவன் திரும்பி வருவதற்குள்
மற்ற பந்துகளோடு வாளியில் போட்டுவிட்டேன்.

பிறகு விதி மாறியது:
வந்தவன் மூவரையாவது பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.
இரண்டாமவன் வலக்கையன்.
அவ்வளவுதான் கதை.
ஜூனில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.
கதவு சாத்தி முடிப்பதற்குள் வெளியே வந்தான்,
ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டான்.

இப்போது கியர்னியில் தானியக் கிடங்கு,
எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், முள் நடுங்கி நிற்கும்,
எண்ணை எழுதுவான்.
இங்கே ஒரு மணி தப்பாது என்கிறான்.
பெருமையா, குறையா,
குரலில் பிடிபடவில்லை.

ஜனவரியில் கூப்பிடுவான்.
தோள் எப்படி என்று நான் வாயெடுக்குமுன்
முந்திக்கொள்வான்:
உன் கட்டைவிரல்?
இன்னும் மடங்கவில்லை என்பேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும்.
சரி, லாரி வந்துவிட்டது என்பான்.
லாரிச் சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்காது.