சிறு திருத்தங்கள்

புதுப் பதிப்பு ராத்திரி இறங்கியது.
சிம்மக்கல் அச்சகத்து மாடியில் ஒன்பது பேர்,
ஒரு மேசை விசிறி,
பொட்டலத்தில் ஆறுகிற கறிதோசை.

இரண்டு வருடமாக எழுத்தை ஆடவிட்டால்
கொம்பு மட்டும் கழன்று பறக்கும்.
திரைப் பத்திரிகையில் மணமகள் பொற்கொடி
பாற்காடி ஆனாள்.
மாப்பிள்ளை வீட்டு வசவெல்லாம்
யாக்கூபின் போனுக்கு.

முப்பத்தொரு முறை முறையிட்டவள் ரெஜினா.
“எங்களுக்கு அப்படித் தெரியவில்லையே”
என்றே பதில் வரும்.

இப்போது அவளே பொத்தானை அழுத்தினாள்.
கொம்பும் ககரமும் காலும்
சேர்ந்து எம்பி
சேர்ந்தே தரை தொட்டன.

யாரும் கைதட்டவில்லை.
“இன்னொருக்கா போடு” என்றான் யாக்கூப்.
போட்டாள்.
இன்னொருக்கா.

அறிவிப்பின் கடைசி வரியில்
‘சிறு திருத்தங்கள்’ என்றிருந்தது.
தோசையைப் பிரித்தோம்.

‘சௌ’ இன்னும் உடையுதே என்றார் துளசிராம்,
தையில் தங்கை சௌமினிக்குக் கல்யாணம்.