ஸ்டெப்னிக்கு ஒரு சீட்

கோயம்புத்தூர் டாக்டரிடம்
மூன்றாம் கையாக வாங்கிய ஜெர்மன் கார்.
"பஞ்சரே ஆகாதா?" என்று கேட்டேன்.
"ஆகும். ஆனது தெரியாது" என்றார்
பணத்தை எண்ணி முடித்துவிட்டு.

காற்று மொத்தமும் போனாலும்
எண்பது கிலோமீட்டர் ஓடும் டயராம்.
ஆகவே டிக்கியில் ஸ்டெப்னிக்குக் குழி கிடையாது,
ஜாக்கி கிடையாது, ஸ்பேனர் கிடையாது.
விழவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு
யார் பஞ்சு வாங்கி வைப்பார்கள்?

செவ்வாயும் வெள்ளியும்
அரவேணுவிலிருந்து குன்னூருக்கு
லிங்கனை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகிறேன்.
போகும்போது கட்டபெட்டு வரை அவன் பேசுவான்,
பச்சைத்தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை,
யார் வீட்டு கேரட்டில் பன்றி இறங்கியது.
திரும்பும்போது ரோடு மட்டும் பேசும்.
விறைத்த பக்கச்சுவர் அந்த டயருக்கு;
ஒரு கல்லைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல்
நேராக அவன் முதுகெலும்பில் ஒப்படைத்துவிடும்.
நான்கு மணி நேரம்
ரத்தம் வெளியே போய் வந்த உடம்பு.
ஊசி ஏறிய கையை மடியில் கிடத்தி
கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
அது வருமுன்பே பல்லைக் கடிப்பான்.
ஒருநாள் வாசலில் இறங்கிச் சொன்னான்:
"இருநூற்றுப் பதினேழு."

டானிங்டன் கடையில் இஸ்மத் பாய்
டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.
"சாதா டயர் போட்டா மெத்துன்னு போகும்மா.
ஆனா பஞ்சர்னா
நின்னுதான் ஆகணும்."

இரண்டு மாதத் தேயிலைப் பணம்.
நான்கு டயர், கூட ஒரு பழைய ரிம்மில் ஐந்தாவது.
ஸ்டெப்னி வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும்
லிங்கன் பஸ்ஸ்டாண்ட் சிரிப்பு ஒன்று சிரித்தான்,
மூன்று வருடமாகக் கேட்காத சிரிப்பு.

கழற்றிய டயரில், வலது பின்பக்கம்,
துருவேறிய ஆணி.
எப்போது ஏறியதோ.
மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டேதான் இருந்தது,
நாங்கள்தான் அதைக் கடிகாரத்தோடு சேர்த்துவிட்டோம்.
ஆணியைக் கேட்டு வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் லிங்கன்.
"எனக்கும் இப்படித்தான்.
முக்கால்வாசி போயிருந்தது,
நான் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தேன்."
இஸ்மத் பாய் கம்ப்ரஸரை அணைத்தார்.
பிறகு மறுபடி போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை
கட்டபெட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான்,
வாயைத் திறந்துகொண்டு.
வீடு வந்துவிடக் கூடாதென்று
மூன்றாவது கியரிலேயே ஓட்டினேன்.

டிக்கியில் இடமில்லாததால்
பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது ஸ்டெப்னி,
பழைய போர்வை சுற்றி, பெல்ட் போட்டு.
செக்போஸ்ட்காரர் டார்ச் அடித்து
"யாரும்மா தூங்கறது?" என்றார்.

ஆனியில் ஒரு ராத்திரி,
கோத்தகிரிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்,
கார் இடது பக்கம் சாய்ந்து இழுத்தது.
நின்றோம்.
பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை.
ஜாக்கியை எடுத்தேன்.
"முதல்ல போல்ட்டைத் தளர்த்து, அப்புறம் தூக்கு,"
கதவுக்குள்ளிருந்து அவன்.
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், குதித்தேன்,
கிரீச் என்று ஒன்று இளகியது.
இறங்கி வந்து
நல்ல கையால் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
வெளிச்சம் ஆடியது, திட்டினேன்,
அவனும் திட்டினான்.
மேலே தேயிலைக்குள்
எதுவோ கனமாக மூச்சு விட்டது.
காட்டெருமை என்றால்
எங்களைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

ஜீப் ஒன்று வேகம் குறைத்து
"உதவி வேணுமா?" என்றது.
இருவரும் ஒரே நேரத்தில்
"வேண்டாம்" என்றோம்.
போனபிறகுதான் யோசித்தோம்
வேண்டும்தானே என்று.

முக்கால் மணி நேரம்.
பழைய டயர் என்றால்
இந்நேரம் ரசம் சூடாகியிருக்கும்.
கிரீஸ் கையை அவன் போர்வையில் துடைத்தேன்,
அவன் பார்க்கவில்லை.

பஞ்சரான சக்கரத்தைத் தூக்கி
பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவை மூடப்போனேன்.
"பெல்ட்" என்றான் லிங்கன்.