ரிமோட்

"டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்று
உள்ளேயிருந்து குரல் வந்தால்
யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம்.
மஞ்சக்குப்பத்தில் எங்கள் கிளினிக்கில்
சுவர் என்பது ப்ளைவுட்.
சமையல் நிகழ்ச்சியில் கடுகு வெடிக்க வெடிக்க
ப்ளைவுட்டுக்கு அந்தப்பக்கம்
ஒருவருக்கு மட்டும் ஒன்று சொல்லப்படும்.

பதினோரு வருடமாக ரிமோட் என் கையில்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை நாங்கள்.
டோக்கன் பதினேழு, உள்ளே போங்க.
பதினேழுக்கு முதுகு வளைந்திருக்கும்,
அல்லது வயிறு தெரிய ஆரம்பித்திருக்கும்,
அல்லது பார்வைக்கு ஒன்றுமே இருக்காது.
ஒன்றுமே இல்லாதவர்களின் கோப்புதான்
கனம் அதிகம்.

ஒரு ஐப்பசியில் கெடிலமும் டோக்கன் இல்லாமல்
உள்ளே வந்தது.
அடித்தட்டில் 'க'விலிருந்து 'ம' வரை ஊறிப்போயின.
வெயில் வந்ததும் மொட்டைமாடியில் பரப்பினோம்,
எழுத்துப் பக்கம் கீழே,
ஆளுக்கொரு செங்கல் துண்டு மேலே.
அடுத்த மாடியில் துணி காயப்போட்டவள்
கழுத்தை நீட்டி, "என்னக்கா, வடாமா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

புரட்டினால்
பெயர்கள் கரைந்துவிட்டிருந்தன,
சர்க்கரை அளவுகள் அப்படியே.
பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்று
கிலோவுக்குப் பதினாலு வரை ஏறினார்.
டாக்டர் ஜெயசீலியும் நானும் ராத்திரி பதினொன்று வரை
கிழித்து, பக்கெட்டில் பிசைந்து, கூழாக்கினோம்.
நகக்கண்ணில் நீல மை போக ஒரு வாரம்.
அதற்குப் பிறகுதான் எண்கள்.

ஆவணியில் நெய்வேலி சித்தி
தங்கைக்கு ஒரு ஜாதகத்தோடு வந்தாள்.
பையன் செம்மண்டலம்.
போட்டோவுக்கு முன்னால் முகவரியைப் பார்த்தேன்.
அந்த முகவரியை நான் எழுதியிருக்கிறேன்.

"உங்க ஆஸ்பத்திரி பக்கம்தானே அவங்க வீடு?
யாராச்சும் வந்து போறாங்களா?"
தினம் எண்பது பேர் சித்தி, யாரைக் கண்டேன்.
காபியில் ஆடை கட்டியது.
கலைமணி என் முகத்தையே பார்த்தாள்.
சின்ன வயதில் மிட்டாயை எந்தக் கையில் மறைத்தாலும்
கண்டுபிடித்துவிடுவாள்.
இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரிடம் எண்ணை மட்டும் சொன்னேன்,
பிறகு, தங்கைக்கு வரன் என்றேன்.
அவர் பிரஷர் பார்க்கும் பட்டையைச்
சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.
"செவ்வாய்க்கிழமை அவருக்கு ரிவ்யூ இருக்கு."
அவ்வளவுதான்.

ஐந்து இரவு கலைமணிக்குப் பக்கத்தில் படுத்தேன்.
விளக்கணைத்த பிறகும்
சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.
சொன்னால் அக்கா.
சொல்லாவிட்டால் யார்?
பல்லைக் கடித்ததில் கடைவாய் வீங்கி
எனக்கே ஒரு டோக்கன் போடவேண்டியிருந்தது.

செவ்வாய்.
கவுண்டரில் குனிந்து, பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல்,
"கலைமணி உங்க தங்கச்சியா?" என்றார்.
தலையாட்டினேன்.
அவர் உள்ளே போனதும்
டாக்டர் சொல்வதற்கு முன்பே சத்தத்தைக் கூட்டினேன்.
திரையில் ஒருத்தி பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
பிசைந்துகொண்டே இருந்தாள்.

வெளியே வந்தவர் மருந்துக்குக் காசு கொடுக்க மறந்து
ட்ரான்ஸ்ஃபார்மர் நிழலில் நின்று போனை எடுத்தார்.
பேசப் பேச அவர் செருப்பு
மண்ணில் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பக் கீறியது.
என் போன் அடிக்கவில்லை.
வீட்டில் இன்னொன்று அடித்திருக்கவேண்டும்.

என்ன நோய் என்று கேட்கிறீர்கள்.
கல்யாணம் நடந்ததா என்று கேட்கிறீர்கள்.
செம்மண்டலம் என்று எழுதினேன், செம்மண்டலம் இல்லை.
ஆவணியும் இல்லை.
கலைமணி என்ற பெயரில் எனக்குத் தங்கை கிடையாது.
மருந்துக்காசு நூற்றெழுபது மட்டும் உண்மை.
அடுத்த முறை வந்தபோது
சில்லறையாகக் கொடுத்தார்,
எண்ணி வாங்கிக்கொண்டேன்.