பீலிக்கரை, மைனஸ் ஒன்று

மூன்றரைக்கு விழிப்பு வந்தது.
தகரத்தில் ஒரு சொட்டுச் சத்தமில்லை.
மேகமில்லை என்று அர்த்தம்.

இஸ்தோப்பில் நின்று பார்த்தேன்.
கந்தப்பளை வானம்
மூடி தொலைந்த கேத்தல்.
பகலெல்லாம் மண் வாங்கி வைத்த சூடு
கண்ணுக்குப் படாத வெளிச்சமாய்
ஏறிப் போய்க்கொண்டிருந்தது
நட்சத்திரங்கள் வரைக்கும்.
அவற்றுக்கு அது எதற்கு?
மேகம் நின்றிருந்தால்
பாதியையாவது பிடித்துத் திருப்பியிருக்கும்.

முதலில் இலை குளிர்கிறது.
பிறகு இலையைத் தொட்ட காற்று.
குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம்,
நிற்கத் தெரியாது.
கான் வழியே இறங்கி
பிள்ளைக் காம்பராவைச் சுற்றி
மாரியம்மன் கோயில் படியில் வழிந்து
எங்கள் லயத்தடியில் வந்து
தேங்குகிறது, தண்ணீர் மாதிரி.

ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு வெப்பமானி கட்டிவிட்டுப் போனார்கள்.
பங்களாப் புல்தரையில் ஒன்று,
பீலிக்கரையில் ஒன்று.
வாசித்து எழுத எனக்கு
நாளைக்கு நூற்றைம்பது ரூபாய்.

பங்களா: ஐந்து புள்ளி இரண்டு.
இருநூற்றுப் பதினான்கு படி இறங்கினேன்.
பீலிக்கரை: மைனஸ் ஒன்று.

மேலே போகப் போகக் குளிரும் என்று எழுதி
ஒன்பதாம் வகுப்பில் மார்க் வாங்கியவள் நான்.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டாம் தரமும் பார்த்தேன்.
மைனஸ் ஒன்றுதான்.

பங்களாவுக்கு அந்த இடத்தையும்
லயத்துக்கு இந்தப் பள்ளத்தையும்
குறித்த வெள்ளைக்காரனிடம்
வெப்பமானி இருந்ததோ என்னவோ.
ஒரு தை மாத இரவு
இங்கே கூடாரம் அடித்துப் படுத்திருப்பான்.
விடிந்ததும் ஏறிப் போயிருப்பான்.

வெயில் வந்தபோது
நாலாம் நம்பர் மலையின் அடிவரிசை
வெள்ளையாய் மின்னியது.
பத்து மணிக்குக் கறுத்துவிட்டது.
நெருப்புக்கும் பனிக்கும்
எங்களிடம் ஒரே சொல்: சுட்டுவிட்டது.
கணக்கப்பிள்ளை கருகலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு
அரைப்பேர் என்றார்.
சிவபாக்கியம் அக்கா
கூடையைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்றையும் பார்த்தேன், விடியுமுன்.
பன்னிரண்டு காம்பராவிலும் அடுப்பு மூட்டியதும்
புகை நேராய் எழும்பியது.
எழும்பி,
பங்களா மதிலுக்கு ஒரு முழம் கீழே
எதிலோ தலை முட்டினதுபோல் நின்று
பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.
அதற்கு மேலே இருந்தது சூடான காற்று.

தாளில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.