மூன்று நிமிடம் நாற்பத்தொரு செக்கன்

உள்ளபடி சொன்னால் அது லிஃப்டைப் பற்றிய பாட்டு.

மின்வெட்டு மாதங்களில் ஒரு நாள்
வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில்
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
நானும் அரைக்கிலோ வெண்டிக்காயும்
ஐம்பது நிமிடம் தொங்கினோம்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
மேலே யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.
கீழே காவலாளி குணபால
"டிக்கக் இன்ன மிஸ், டிக்கக் இன்ன" என்று
இருட்டுக்குள் குரலை எறிகிறார்.
ஃபோனில் மிச்சம் நாலு வீதம்.
அதிலே முணுமுணுத்துப் பதிந்தேன்:
நாலாம் மாடி, நாலாம் மாடி,
ஆரும் கதவைத் திறவுங்கோ,
வெண்டிக்காய் வாடுது.

அவ்வளவுதான். வேறொன்றும் நினைக்கவில்லை
என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.
எனக்கே இப்போது அரை நம்பிக்கைதான்.

ஒலிப்பதிவு கொம்பனித்தெருவில்,
ஜுனைத் ஜல்தீனின் மாமி நடத்தும் சலூனில்,
கடை பூட்டிய பிறகு.
சுவரெல்லாம் மெத்தை.
தலை காயவைக்கும் மெஷின்கள் மூன்று
வரிசையாகக் குனிந்து கேட்டன.
அசங்க டிரம்ஸுக்குள் தலையணை திணித்தான்.
ஷெரின் வான்டர்வால் பேஸ் கிட்டாரைக்
கூந்தல் எண்ணெய்ப் போத்தல்களுக்கிடையே சாத்திவைத்தாள்.
இரண்டாம் சரணத்தில் ரயில் ஒன்று
கூவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.
திரும்ப எடுக்க நேரமில்லை.
விட்டுவிட்டோம்.

(பின்னர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார்கள்:
அந்த ரயில், திரும்பி வராதவர்களின் ரயில்.
வெண்டிக்காய், ஒரு கையின் விரல்கள்.
அது களுத்துறை போகிற எட்டுப் பத்து.)

வியாழக்கிழமை வெளியிட்டோம்.
முதல் நாள் கேட்டவர் பதினொரு பேர்,
அதில் நாலு பேர் நாங்கள்.

வானொலியில் பொறுப்பானவர்
தேத்தண்ணி தந்தார், தொண்டையைச் செருமினார்.
"பாட்டு வடிவாயிருக்கு தங்கச்சி.
தலைப்பை மட்டும் கொஞ்சம்...
ஐஞ்சாம் மாடி எண்டு வைச்சால் என்ன?"

அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.
முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னாள்,
சத்தத்தைக் குறைத்து.
"உன்ர பேரை வேற முழுசாய்ப் போட்டிருக்கிறாய்."

ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர்
பனிக்குள் காரை ஓரங்கட்டி அழுததாகக்
குரல்பதிவு அனுப்பியிருந்தார்.
நன்றி என்று எழுதி, அழித்து,
வேறு சொல் கிடைக்காமல்
நன்றி என்றே அனுப்பினேன்.

அசங்க கேட்டான்,
நாலாம் மாடிக்கு என்ன, ஏன் எல்லோரும்
ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று.
கொத்துரொட்டிச் சத்தத்துக்கு மேலால்
கத்திச் சொல்லக்கூடிய விஷயமல்ல.
வெளியே கூட்டிவந்து சொன்னேன்.
மோட்டார்சைக்கிள் சாவியை இருமுறை கீழே போட்டான்.
அடுத்த நிகழ்ச்சியில் அந்த வரி வந்ததும்
சிம்பலைத் தொடவேயில்லை அவன்.

கொள்ளுப்பிட்டியில் இருநூறு பிள்ளைகள்
மொழி புரியாமலே பல்லவிக்குத் துள்ளினார்கள்.
"நாலாம் மாடி!" என்று அவ்வளவு உரத்து
இந்த நகரத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
துள்ளாமல் நின்றவர்களை
மேடையிலிருந்தே எண்ண முடிந்தது.

அதில் ஒருவர் பிறகு வந்தார்.
அயர்ன் பண்ணிய சட்டை, பையில் இரண்டு பேனா.
"லிஃப்டில போனதாய்ப் பாடுறியள்.
என்னைப் படியாலதான் ஏத்தினவங்கள்."
நான் மின்வெட்டு, டீசல், குணபால என்று
விளக்கத் தொடங்கினேன்.
கையைக் காட்டி நிறுத்தினார்.
"அந்த வெண்டிக்காயை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ.
அந்த இடத்தில நான் சிரிச்சிட்டன்."
நூறாம் நம்பர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.
பெயர் கேட்க மறந்தேன். கேட்டிருந்தாலும்
சொல்லியிருப்பாரோ தெரியாது.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது.
மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்,
தமிழில் 'மாடி' 'மாடு' ஆகியிருக்கிறது.
நாலை அழுத்தினால் ஐந்தில் நிற்கிறது.
குணபால சிரிக்கிறார், டிக்கக் இன்ன மிஸ்,
ஆள் வரும், திருத்துவார்கள்.
நான் ஒரு மாடி இறங்கி
வீட்டுக்குப் போகிறேன்,
படியால்.