பதின்மூன்றாவது மெய்

கோத்தகிரி கடைவீதியில்
போஜனின் பல்செட்டுக் கடைக்கு மேல்மாடி.
வாடகை நாலாயிரம், ஈரம் இலவசம்.
காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
எங்கோ ஒரு தீவின் மொழியை
மணிக்கு இவ்வளவு என்று கேட்டு எழுதித் தருகிறேன்.

நானூறு பேர் பேசுகிறார்களாம்.
ஒலி அனுப்பியவர்கள் படம் அனுப்பவில்லை.
ஓர் ஆண்குரல். பின்னால் ஒரு சேவல்.
அதற்கும் பின்னால் ஓயாத ஒரு சலசலப்பு.
பதிவின் இரைச்சல் என்று நினைத்து
இரண்டு நாள் வடிகட்டினேன்.
கடல்.

உயிர் ஐந்து, சுலபம்.
மூக்கில் தொடங்கி உதட்டில் உடையும் ம்ப
நம் கம்பிலும் வம்பிலும் இருப்பதுதான்;
அவர்கள் அதைச் சொல்லின் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.
பன்னிரண்டு மெய்களைக் கட்டத்தில் உட்காரவைத்துவிட்டேன்.
பதின்மூன்றாவது உட்காரவில்லை.

திங்களன்று அது த.
செவ்வாயன்று, அதே கோப்பில் அதே நொடியில், ப.
அந்த ஆள் பொறுமையாக மூன்று முறை சொல்கிறான்,
கேட்பவள் மந்தம் என்று முன்பே தெரிந்தவன் மாதிரி.
கண்ணாடி முன் நின்று
பல்லில், அண்ணத்தில், மேட்டில், பள்ளத்தில்
நாக்கை வைத்து வைத்துப் பார்த்தேன்.
எல்லாம் தமிழாகவே வந்தது.

புதன்கிழமை மழை. கரண்ட் போய்க் கீழே இறங்கினேன்.
ஜன்னலோரம் பிளாஸ்டர் தாடைகள் காயாமல் கிடந்தன.
நாற்காலியில் பேச்சாயி.
ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து
அரசுத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளியவள்.
மேல்வரிசை முழுக்கப் பிடுங்கி மூன்று வாரம்.
ஈறு ஆறட்டும் என்று சொல்லியிருந்தான் போஜன்.

"ஒரு தேத்தண்ணி சொல்லேன் தம்பி."

நாக்கு பல்லைத் தேடிப் போனது.
இல்லை.
இன்னும் கொஞ்சம் முன்னே போய்
மேலுதட்டில் முட்டி நின்றது.
தவும் இல்லை, பவும் இல்லை.
சேவல் ஒன்றுதான் குறை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."
"தேத்தண்ணி."
"இன்னொரு தடவை."
"என்னம்மா, என் வாயில சினிமாவா ஓடுது?"

படியேறினேன். மடிக்கணினியில் ஒன்பது சதவீதம் சார்ஜ்.
அவன் மூன்று முறை சொன்னான்,
மூன்று முறையும் அவன் நாக்கைப் பார்த்தேன்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
கட்டத்துக்கு வெளியே, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே,
புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டேன்.
அங்கே எல்லோருக்கும் பல் இருக்கிறது.
இருந்தும், வேண்டுமென்றே,
அதைத் தாண்டிப் போகிறார்கள்.

சனிக்கிழமை பேச்சாயிக்குச் செட் மாட்டினான்.
தேத்தண்ணி என்றாள்.
அச்சடித்த த, ஓரத்தில் லேசான விசில்.
கண்ணாடியில் தன்னைப் பார்த்து
யாரோ என்பதுபோல் சிரித்தாள்.
மீதிப் பணம் அடுத்த சம்பளத்தில் மகன் தருவானாம்.

எனக்கு இப்போது அது வருகிறது.
பால் பொங்கும்வரை அடுப்பின் முன் நின்று
அந்த ஆளின் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன்.
பலாக்காய் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கலாம்,
படகாக இருக்கலாம், வசவாகவும்.
அர்த்தம் இன்னும் அனுப்பவில்லை.