ஏழாவது நிமிடம்

இன்றும் பால்வெட்டு இல்லை.
இந்த ஆனியில் மரங்களுக்குப்
பிளாஸ்டிக் பாவாடை கட்டவில்லை முதலாளி.
ஷீட் விலை இறங்கிப்போச்சாம்.
சிரட்டைகளில் மழைத்தண்ணீர்.
அருமனையில் பகல் பதினொன்றுக்கு
மைதா சலிக்கிற ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான் என்று
எதிர்வீட்டு லீலாபாயின் ஜன்னல்
மூன்று தடவை திறந்து சொன்னது.

விஜிலாவோடு ஆஸ்பத்திரியில் வேலைபார்க்கும் பெண்
ஸ்கேன் கவரின் பின்னால் எழுதிக் கொடுத்த குறிப்பு.
வெண்ணெய் நூறு, மைதா இருநூறு,
முட்டை ஒன்று, சோடா கொஞ்சம்,
மொலாசஸ் ஐந்து ஸ்பூன்.
மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறினேன்.
மூன்றாவது கடைக்காரர் கேட்டார்:
"மாட்டு மருந்தா அண்ணே?"

ஆகவே கருப்பட்டி.
தட்டிக் காய்ச்சி, மண்ணும் எறும்பும் போக வடித்து,
கரண்டியிலிருந்து நூலாய் இறங்கும்வரை நின்றேன்.
நிற்பது எனக்குத் தெரிந்த வேலை.
விடியுமுன் தலைவிளக்கோடு
நானூறு மரத்தடியில் நிற்கிறவன்.

சுக்கு, பட்டை, நாலு ஏலம்.
கிராம்பு மட்டும் மாறாமலை லோடு ஏற்றும் கிறிஸ்துதாஸ்
கடனில் பாதிக்குப் பதிலாய்த் தந்தது,
பூ விரியுமுன் கிள்ளிக் காயவைத்தது.
இடித்ததும் வீடு முழுக்க
பல்வலிக்கு மருந்து வைத்த வாய்போல மணம்.

முதல் தட்டு பன்னிரண்டு நிமிடம்,
கவரில் உள்ளபடி.
விரிந்தது, சிவந்தது, மேலே அழகாய் வெடித்தது.
ஆறினதும் ஓடு.
லீலாபாயின் நாய் மரியாதைக்கு ஒன்றை வாங்கிப்போய்
செம்பருத்தி மூட்டில் குழிதோண்டிப் புதைத்தது.

போனில் விஜிலா சொன்னாள்:
"அது பிஸ்கட்டு மாதிரி இல்ல கேட்டீளா.
கடிச்சா இழுக்கணும். மடக்கினா ஒடியப்பிடாது."
"ரப்பர் மாதிரியா?"
அந்தப் பக்கம் சிரிப்பு,
பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம்,
வைத்துவிட்டாள்.

இரண்டாம் தட்டின் ஏழாவது நிமிடம்
கரண்ட் போனது.
எங்கேயோ பலாக்கொம்பு கம்பியில் விழுந்திருக்கும்.
நடு வெளுத்து, தொட்டால் குழி விழும்
பதினாறு வட்டங்கள்.
வெளியே இழுத்துவைத்து,
இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொல்லி,
சாயா குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
தட்டு தன் சூட்டிலேயே மிச்சத்தை முடித்திருந்தது.
ஓரம் இறுக்கம், நடுவில் ஈரம்.
ஒன்றை எடுத்து மடக்கினேன்,
புகைப்புரைக்குப் போகாத ஷீட்போல வளைந்தது.
வாயில் முதலில் கருப்பட்டி,
தொண்டையில் சுக்கு,
விழுங்கி வெகுநேரம் கழித்து
நான்தான் என்று கிராம்பு.

நாலு மணிக்கு கரண்ட் வந்தது.
மூன்றாம் தட்டுக்கு
நானே அணைக்க வேண்டும்.
ஏழு நிமிடம்.
கண்ணாடிக்குள்ளே எல்லாம் பச்சையாய்க் கிடக்கிறது.
இன்னும் கொஞ்சம் என்கிறது கண்.
பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம்,
எங்கே தொட்டால் மரத்துக்குக் காயம்,
இருட்டிலும் தெரியும் எனக்கு.
ஒரு சுவிட்சுக்கு முன்னால்
விரல் நடுங்க நின்றேன்.
பிறகு அணைத்தேன்.

எட்டரை பஸ்ஸில் வந்தாள்,
சேலைக் கரை முழங்கால்வரை நனைந்து.
குடையை மடக்குமுன் ஒன்றை மடக்கிப் பார்த்தாள்.
"வேகலியோ?"
"வெந்ததாக்கும்."
பதில் சொல்ல வாய் ஒழியவில்லை அவளுக்கு.
இரண்டாவதையும் தின்றபிறகு
"கொள்ளாம்" என்றாள்,
நாளைக்கு அந்தப் பெண்ணுக்கென்று
ஆறை டப்பாவில் அடுக்கினாள்.

கரண்ட் போன கதையை நான் சொல்லவில்லை.
மழை விட்டபாடில்லை.
காலையிலும் வெட்டு இருக்காது.
குளிர்பெட்டியில்
வெண்ணெய் இன்னும் ஐம்பது கிராம் இருக்கிறது.